ஓடையில் அறுபடும் உயிர்மெய்

கணிப்பொறிக்குத் தமிழ் ஏற்றதன்று என்னும் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. தமிழ்ப் பெயர்கள் திரையில் வினாக்குறிகளாய்ச் சிதைந்து தோன்றுங்கால், ‘பார்த்தீரா, தமிழின் குறையை!’ என்று நம்மவரே நகைக்கின்றனர். குறை தமிழின்கண் இல்லை. நிரல் எழுதுவோன் உள்ளீட்டு ஓடையைக் கையாண்ட முறையின்கண் உள்ளது. இதனைச் சற்று விரித்துரைப்பாம்.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், கோப்பு, விசைப்பலகை, வலையிணைப்பு என எதனிடமிருந்து தரவு வரினும், நிரல் அதனை ஓர் ஓடையாகவே காண்கிறது. நீர் மலையினின்று வந்ததா, ஏரியினின்று வந்ததா என்று வயல் கேட்பதில்லை. வாய்க்காலில் வந்தாற் போதும். இதனைத் ‘தாரை’ என்று எழுதுவாரும் உளர். அது வடசொல்வழிப்பட்டது. ஓடை என்னும் நற்றமிழ்ச்சொல் இருக்க அதனை நாடுவானேன்? உள்ளே வருவது உள்ளோடை. வெளியே செல்வது வெளியோடை. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்குமன்றோ!

1996இல் வெளிவந்த சாவா மொழியின் முதற்பதிப்பில் இவ்வோடைகள் எண்ணுண்மிகளையே கடத்தின. எட்டு நுண்மி கொண்ட அலகே எண்ணுண்மி; பைட்டு என வழங்குவர். ஆங்கில எழுத்தொன்று ஓர் எண்ணுண்மியில் அடங்கும். தமிழோ, ஒருங்குறியின் யூ.டி.எப்-8 முறையில், குறியொன்றுக்கு மூன்று எண்ணுண்மி கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. ஒருங்குறி த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணும். ஓடையில் செல்லுங்கால் அது 15 எண்ணுண்மிகள்.

இனிச் சிதைவு நேருமாறு காண்க. நிரல் ஓடையை ஒரே மூச்சில் பருகுவதில்லை. இடையகம் என்னும் கலத்தில் முகந்து முகந்து கொள்ளும். அக்கலத்திற்குப் பலரும் இடும் அளவு 8192 எண்ணுண்மி. அதனை மூன்றால் வகுத்தால் 2730 போக இரண்டு எஞ்சும். இடைவெளியின்றித் தமிழே வருமாயின், 2731ஆம் குறியின் இரு கூறு முதற்கலத்திலும் ஒரு கூறு அடுத்த கலத்திலும் வீழும். சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடம் ஓர் எண்ணுண்மியே கொள்ளுமாதலின் வெட்டு விழும் இடம் மாறலாம், இடர் மாறாது. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே எழுத்தாக்கும் நிரலுக்கு அத்துண்டுகள் பொருளற்றவை. கருங்கட்டத்துள் வினாக்குறியிட்டு ஒதுக்கிவிடும். ஆங்கிலத்தை மட்டும் இட்டு ஆய்ந்தவன் கண்ணுக்கு இப்பிழை என்றும் தென்படாது. சிறு கோப்பை மட்டும் ஆய்ந்தவனுக்கும் அவ்வாறே.

மருந்து அம்மொழியிலேயே உள்ளது. 1997இல் வந்த சாவா 1.1 எழுத்தோடைகளைத் தந்தது. எண்ணுண்மியோடையின்மேல் எழுத்தோடையைப் பொருத்திவிட்டால், அரைகுறையாய் வந்த இரு துண்டையும் அது தன்னகத்தே காத்து, மூன்றாவது வந்தபின்னரே எழுத்தாக்கித் தரும். ஆயினும் குறிமுறை இன்னதென்று நிரலில் வெளிப்படக் கூறல் வேண்டும். கூறாவிடின், 2022இல் வந்த சாவா 18க்கு முந்தைய பதிப்புகள் அவ்வக் கணிப்பொறியின் இயல்புக் குறிமுறையையே மேற்கொள்ளும். ஓரிடத்துச் செம்மையாய் ஓடியது பிறிதோரிடத்துச் சிதையும்.

எழுத்தோடையும் முழுக் காப்பன்று. 1991இல் வந்த ஒருங்குறி நம் உயிர்மெய்க்குத் தனியிடம் தராது கூறுபடுத்திற்று. உயிர்மெய்க்குத் தனியிடம் தரும் டேசு-16 குறிமுறையை 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதுண்டு. எனினும் உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே. ஆகவே, பெயரை இத்தனை குறியோடு நிறுத்துக என்று ஆணையிடும் நிரல், ‘மி’யின் இகரத்தை அறுத்து வெறும் ‘ம’வாக விட்டுச் செல்லும். புள்ளியை இழந்த மெய் அகரமேறி நிற்கும். ஆங்கிலேயன் பெயரில் ஓரெழுத்துக் குறைந்தால் அது சுருக்கம். நம் பெயரில் எழுத்தே வேறாகிவிடுகிறது!

2018இல் வந்த தமிழ்நாட்டு 11ஆம் வகுப்புக் கணிப்பொறிப் பாடத்திட்டத்தில் சி பிளசு பிளசு மொழி இடம்பெற்றது. யூ.டி.எப்-8 முறையில் எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் அம்மொழியும் 15 என்றே விடை தரும். ஆங்கில வணக்கவுரையொன்றை அச்சிடக் கற்பிப்பதோடு நில்லாது, முதற்கிழமையிலேயே இவ்விடையைக் காட்டி, ‘மூன்றென்று ஏன் வரவில்லை?’ என மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும். இதற்கு அரசாணை வருமென்று ஆசிரியப் பெருமக்கள் காத்திருக்க வேண்டுவதில்லை.