கரும்பு எறிந்த கையில் ஆசியத் தங்கம்: அன்னு ராணி கதை தேனிக்கு ஏன் முக்கியம்?

பெரியகுளம்னாலே கூடைப்பந்துதான். கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அப்படியொரு பேர். ஈட்டி எறிதலைப் பற்றி தேனி மாவட்டத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இத்தனைக்கும் இங்கே கரும்புக்கும் மூங்கிலுக்கும் பஞ்சமில்லை. அன்னு ராணி ஆரம்பித்தது அந்த இரண்டில்தான்.

உத்தரப் பிரதேசத்தில் மீரட் பக்கம் பகதூர்பூர் கிராமம், விவசாயக் குடும்பம். கிரிக்கெட் ஆடும்போது தங்கை பந்தை எறியும் வேகத்தைக் கவனித்த அண்ணன், வயலில் கரும்பைக் கொடுத்து எறியச் சொன்னார். பிறகு மூங்கில் ஈட்டி. அப்பாவுக்கு முதலில் இஷ்டமில்லை. இரண்டு பேர் செலவை வீடு தாங்காது என்றானதும், ஓட்டக்காரரான அண்ணன் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். 'திறமை இருந்தா மேலே வந்துடலாம்' என்று சொல்பவர்கள் இந்தச் செலவுக் கணக்கைச் சேர்ப்பதே இல்லை.

2014-ல் 58.83 மீட்டர், தேசிய சாதனை. அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வெண்கலம். பின்னர் 60 மீட்டரைத் தாண்டிய முதல் இந்தியப் பெண். 2022-ல் 63.82 மீட்டர். 2023-ல் சறுக்கல், புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் இறுதிச்சுற்றுக்கே போகவில்லை. ஆறு வாரத்தில் ஹாங்சோவில் 62.92 மீட்டர் எறிந்தார். ஆசிய விளையாட்டு பெண்கள் ஈட்டி எறிதலில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அப்போது அவருக்கு வயது 31.

கரும்பு, கையில் பலம் இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். ஓடிவந்து முன்காலை ஊன்றுவது, ஈட்டியைச் சரியான கோணத்தில் விடுவது எல்லாம் ஆள் நின்று சொல்லித்தர வேண்டியவை. தப்பாகப் பழகினால் தோளும் முழங்கையும் போய்விடும். ஓடுபாதைக்கே குறைந்தது 30 மீட்டர் வேண்டும். ஈட்டி விழ, யாரும் குறுக்கே வராத நீளமான திடலும் வேண்டும்.

மாவட்ட விளையாட்டரங்கம் தேனியில் இருக்கிறது. கூடலூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண், ஸ்கூல் விட்டதும் பஸ் பிடித்து 40 கிலோமீட்டருக்கு மேல் வந்து பயிற்சி முடித்து இருட்டில் திரும்ப வேண்டும். எந்த வீட்டில் தினமும் அனுப்புவார்கள்? கம்பம், உத்தமபாளையம், போடி பகுதிகளில் தலா ஒரு அரசுப் பள்ளியிலாவது வாரம் மூன்று நாள் பயிற்சியாளர் வர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்துக்கொண்டு, படித்த பள்ளிக்கு ஜெர்ஸி, கோப்பை வாங்கித் தரும் முன்னாள் மாணவர்கள் இந்த முறை பி.டி. மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்: 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் எறிகிற 500 கிராம் ஈட்டி நம்ம ஸ்கூல்ல இருக்கா, சார்?