நோவில்லையெனினும் காவல் வேண்டும்

இலண்டன் மாநகரில் வாழும் தமது தமையனாரைப் பற்றிப் பேச நண்பரொருவர் சென்ற வாரம் எம்மிடம் வந்திருந்தார். தமையனாருக்கு வயிற்றினூடு செல்லும் பெருநாடி புடைத்திருந்தது. ஏழாண்டுகளுக்கு முன்னர் வயிற்றைத் திறவாமலே அதனைச் சீர்செய்தனர். சில நாட்களில் வீடு திரும்பியவர், "ஒரு நோவும் இல்லை, ஆண்டுதோறும் ஸ்கான் எதற்கு?" என்று கூறி, ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். "அண்ணர் சொல்வது நியாயந்தானே?" என்றார் நண்பர்.

நியாயமன்று என்பதே எமது விடை. அதன் காரணம் நேயர்களுக்கும் பயன்படக்கூடும்.

பெருநாடி வயிற்றுப் பகுதியில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அகலமுடையது. முதுமை, புகைபிடித்தல், உயர் குருதியமுக்கம் ஆகியவற்றால் அதன் சுவர் நலிந்து புடைப்பதுண்டு. பெரும்பாலும் நோவு தோன்றாது. வெடித்துவிட்டாலோ உயிர் தப்புவோர் சிலரே. பேரறிஞர் அல்பேட் ஐன்ஸ்டைன் 1955 ஆம் ஆண்டில் இறந்தது இதனாலேதான். ஆண்களில் புடைப்பு 5.5 சென்ரிமீற்றரை எட்டினால், அதனைச் சீர்செய்வது பற்றி வைத்தியர்கள் ஆலோசிப்பர்.

வயிற்றைத் திறந்து, புடைத்த இடத்திலே செயற்கைக் குழாயைத் தைப்பது பழைய முறை. புதிய முறையை 1990 ஆம் ஆண்டில் ஆஜென்டீனா நாட்டு வைத்தியர் ஹுவான் பரோடி செய்து காட்டினார். தொடையடியிலுள்ள நாடி வழியே, உலோகவலை தாங்கிய துணிக்குழாயைச் செலுத்திப் புடைப்பினுள் விரியச் செய்வர். எமது ஊரிலே சைக்கிள் திருத்துவோர், நைந்த ரயரின் உட்புறத்தில் பழைய ரயர்த்துண்டொன்றை வைப்பதில்லையா? ஏறத்தாழ அதுவே இது. உள்ளே தாங்கல் உண்டு. ஆனால் ரயர் புதிதாகிவிடவில்லை.

பிரித்தானியாவில் 1999 முதல் 2004 வரை 1,252 நோயாளரைச் சேர்த்து இரு முறைகளையும் ஒப்பிட்டனர். முப்பது நாட்களுக்குள் இறந்தோர் பழைய முறையில் நூற்றுக்கு 4.3, புதிய முறையில் 1.8 மட்டுமே. ஆயினும் சில ஆண்டுகளில் இந்த வேறுபாடு மறைந்தது. 2016 இல் வெளியான பதினைந்தாண்டுக் கணக்கோ, எட்டாண்டுகளுக்குப் பின்னர் புதிய முறையினரிடையே இறப்பு மிகுந்திருந்ததைக் காட்டிற்று. அதற்குரிய காரணங்களில் ஒன்று, மூடப்பட்ட புடைப்பு பின்னாளில் வெடித்தலாகும். குழாயின் ஓரத்தாலோ, சிறு கிளைநாடிகளாலோ குருதி உட்கசியலாம், குழாயே இடம்பெயரலாம். இவற்றுள் எதுவும் நோயாளிக்குத் தெரியவராது.

இதனாற் புதிய முறை தீயதென்று கொள்ளலாகாது. முதல் மாதத்தில் ஆபத்தைக் குறைப்பது சிறிய நன்மையன்று. ஆனால் அந்த நன்மைக்கு விலை வாழ்நாட் காவல். கசிவை உரிய காலத்திற் கண்டுகொண்டால், பெரும்பாலும் நாடி வழியாகவே மீண்டும் திருத்தலாம். நோவு வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஏழாண்டைக் கடந்த தமையனாரோ எட்டாம் ஆண்டின் வாயிலில் நிற்கின்றார்.

நண்பர் எம் முன்னிலையிலேயே தொலைபேசியை எடுத்தார். கணக்கெதுவும் சொல்லவில்லை, ரயர்க் கதையை மட்டுமே சொன்னார். இளமையில் பல மைல் சைக்கிளோடிப் பள்ளிக்கூடம் சென்றவரல்லவா அண்ணர்! சிறிது நேரம் மறுமுனையிற் பேச்சில்லை. பின்னர், "சரி தம்பி, திங்கட்கிழமை நாள் கேட்கிறேன்" என்ற குரல் எமக்கும் கேட்டது.