கொடியைப் பார்த்துக் கல்லூரி தேடாதீர்கள்

“படிப்பு வேண்டுமென்றால் அமெரிக்கா, பி.ஆர். வேண்டுமென்றால் கனடா.” பொறியியல் படிக்கும் பிள்ளையுள்ள வீடுகளிலும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களிலும் இது வேதவாக்காகவே ஓதப்படுகிறது. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கல்விக் கடனுக்குக் கையெழுத்திடும் பெற்றோர்கூட இதை ஒரு கேள்வி கேட்பதில்லை. கேட்டால் இதன் இரண்டு பாதியும் நிற்காது.

முதலில் கனடாவை எடுத்துக்கொள்வோம். பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை அங்கே எளிது என்ற நம்பிக்கை ஆதாரமில்லாமல் முளைத்ததல்ல. 2021 பிப்ரவரி 13 அன்று, மதிப்பெண் அடிப்படையில் குடியேற்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் கனடிய அனுபவப் பிரிவில், பி.ஆர்.-க்கு விண்ணப்பிக்க 27,332 பேருக்கு ஒரே நாளில் அழைப்பு போனது. 1,200-க்கு வெறும் 75 மதிப்பெண் வைத்திருந்தவருக்கும் கதவு திறந்தது. கொரோனாவால் எல்லைகள் மூடிக் கிடந்த நேரம் அது. ஆண்டு இலக்கை எட்ட, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களையே கனடா அழைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளின் விதிவிலக்கு நம் ஊர்ப் பேச்சில் நிரந்தர விதியாகிவிட்டது. 2024-இல் அதே கனடிய அனுபவப் பிரிவில் அழைப்புக்கான குறைந்தபட்ச மதிப்பெண் 500-ஐத் தாண்டி நின்றது. வேலை உறுதிக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணும் 2025 மார்ச்சில் பறிபோனது. இடைப்பட்ட ஆண்டுகளில் பி.ஆர். கனவோடு கல்லூரியில் சேர்ந்தவர் படித்து முடித்து வெளியே வந்தபோது சந்தித்தது வேறொரு கனடாவை.

2024 ஜனவரியில், அந்த ஆண்டுக்கான மாணவர் அனுமதிகளை ஏறத்தாழ 3,60,000-ஆகக் குறைப்பதாகக் கனடா அறிவித்தது. அது முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகை 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635-ஆக உயர்ந்தது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி வாடகைக்கு வாங்கி நடத்தும் படிப்புகளில் 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்கு, படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி இல்லை என்றானது. அதே ஆண்டு நவம்பர் முதல் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்த கல்லூரி டிப்ளமோ மாணவர்களுக்குக் குறிப்பிட்ட துறைகளில் படித்தால்தான் பணி அனுமதி. பல்கலைக்கழக இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. ஆக, பி.ஆர். மட்டுமே குறி என்றாலும் எந்த நிறுவனம், எந்தப் படிப்பு என்பதுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்த பாதி, அமெரிக்கா என்றாலே தரம் என்பது. பட்டம் வழங்கும் நிறுவனங்கள் அங்கே ஏறத்தாழ நாலாயிரம். எம்.ஐ.டி. இருக்கும் அதே நாட்டில்தான் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகமும் இருந்தது. மாணவ விசா மோசடிக்காக 2011-இல் அதை இழுத்து மூடியபோது சிக்கியவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள், அதிலும் ஆந்திரத்துப் பிள்ளைகள். சிலருடைய காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டியது அமெரிக்க அரசு. வாசலில் பறந்த கொடி அவர்களுக்கு எந்தத் தரத்தையும் தரவில்லை.

கனடா படிப்பு இரண்டாம் தரம் என்பவர்கள் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டனை நினைத்துப் பார்க்கட்டும். 1987-இல் அமெரிக்காவின் கார்னகி மெலனை விட்டு டொராண்டோவுக்குப் போனவர், 2024-இல் இயற்பியல் நோபல் பெற்றார். கணினி அறிவியலுக்கான அதே ஆண்டின் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ரிச்சர்ட் சட்டன் கனடாவின் எட்மன்டனில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரர். மற்றவர், அவருடைய ஆசிரியர் ஆண்ட்ரூ பார்ட்டோ, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்காரர். அந்தத் துறையில் ஆராய விரும்பும் மாணவர் எட்மன்டனா, ஆம்ஹெர்ஸ்டா என்று யோசிப்பதில் பொருள் உண்டு. கனடாவா, அமெரிக்காவா என்று யோசிப்பதில் என்ன இருக்கிறது?

தரம் கிடைத்தாலும் தங்குவதற்கு அமெரிக்காவிலும் உத்தரவாதம் இல்லை. படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம். அதன் பிறகு எச்-1பி பணி விசாவுக்கான குலுக்கல்: ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று திடீரென ஓர் அறிவிப்பு. அங்கேயே மாணவ விசாவிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

பிறகு ஏன் இந்தச் சூத்திரம் சாகவில்லை? விற்பதற்கு வசதியாக இருப்பதால்தான். ஆலோசனை நிலையங்கள் பலவற்றுக்கு, மாணவரைச் சேர்த்துவிட்டால் கல்லூரி கமிஷன் தருகிறது. பெயர்பெற்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புக்கு மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்; அதில் தரகருக்கு ஒன்றும் தேறாது. எனவே அவர் நாட்டைப் பற்றியே பேசுவார், பாடத்திட்டத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

குடியேற ஆசைப்படுவது குற்றமல்ல. கடன் வாங்கிப் படிக்கும் குடும்பம் அதைக் கணக்கில் வைக்கத்தான் செய்யும். ஆனால் விசா விதி இன்னொரு நாட்டு அரசின் கையில் இருக்கிறது. படிப்பைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. ஆராய்ச்சியில் நாட்டமா? பி.இ. முடித்த கையோடு அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். முதுநிலைக்கு மட்டும் போனால் அநேகமாகச் சொந்தச் செலவுதான். கனடாவில் ஆய்வேட்டு முதுநிலைக்கே பல துறைகளில் உதவித்தொகை உண்டு. பாடம் மட்டும் படிக்கும் முதுநிலைக்கு அது அரிது. தொழில் அனுபவம் வேண்டுமா? 1957 முதல் ‘கோ-ஆப்’ கல்வி நடத்திவரும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் போல, பணிக்காலத்தைப் பட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கும் இடங்களைத் தேடுங்கள்.

பட்டியலில் மிஞ்சும் ஒவ்வொரு படிப்பையும் பற்றிக் கடைசியாக ஒன்று கேளுங்கள்: பணி அனுமதி கிடைக்காமல் பிள்ளை ஊர் திரும்பினால், இந்தப் பட்டத்தை வைத்துச் சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்துக் கடனை அடைக்க முடியுமா? முடியாதென்றால், அது டொராண்டோவில் இருந்தாலும் டெக்சஸில் இருந்தாலும் அந்தப் படிப்பு வேண்டாம்.