நாய்க்கடிக்கு யார் பொறுப்பு?

தோழர்களே!

இரவு ஷிப்டு முடிந்து தாராவிச் சந்துகளில் நடந்து வரும் நம்மைத்தான் நாய்க்கூட்டம் மறிக்கிறது. காரில் போகிறவர்களை அல்ல. அதற்காக விஷம் வைப்பதை நாம் ஏற்கவில்லை. குப்பை அள்ளாத இடத்தில் நாய் பெருகும். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சியின் கடமை என்கின்றன 2023-ஆம் ஆண்டு விதிகள். வெறிபிடித்த, மூர்க்கமான நாய்களைத் திரும்பத் தெருவில் விடக்கூடாதென்று உச்சநீதிமன்றம் 22-8-1925 அன்றல்ல, 22-8-2025 அன்றுதான் சொன்னது, அதற்குள் மறந்துவிட்டார்களா?

சந்து சந்தாகக் கையொப்பம் திரட்டி வார்டு அலுவலகத்தில் கொடுப்போம். கடிபட்டால் மந்திரிக்க ஓடாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போடுங்கள்.

வரி கட்டுகிறோம், அச்சமின்றி வீடு திரும்பும் உரிமையைக் கேட்போம்!