அம்மாவின் தொழில் என்ன?



பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் நிரப்புகிறோம். அப்பாவின் தொழில் என்று வரும்போது பேனா கொஞ்சம் நிற்கும். டிரைவர் என்று போடலாமா, சொந்த வியாபாரம் என்று போடலாமா? அம்மாவின் தொழில் என்ற இடத்தில் அந்த யோசனையே இல்லை. 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பதில் சரியில்லை. (ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். ஆனாலும் நம் பேச்சில் அது இன்னும் வேலூர் பக்கம்தான்.)

அங்கே என்ன நடக்கிறது? ஷூ கம்பெனியில் கட்டிங் முடிந்த அப்பர்கள், அதாவது ஷூவின் மேல்பாகங்கள், மூட்டை மூட்டையாக ஏஜென்ட் வழியாக வீடுகளுக்கு வருகின்றன. சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெண்கள் தைக்க உட்காருகிறார்கள். மொக்காசின் வகை ஷூக்களின் முன்பக்கத்தில் சுருக்கம் சுருக்கமாக அழகாகத் தெரியுமே, அது பெரும்பாலும் கைத்தையல். கெட்டித் தோலில் ஊசியை ஏற்றி, நூலை இழுத்து இறுக்க வேண்டும். விரல் வெட்டுப்படும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், வருஷம் போகப் போகக் கண் மங்கும். கூலி ஜோடிக் கணக்கு, ஜோடிக்குச் சில ரூபாய். அதே ஷூ ஐரோப்பாவில் ஒரு கடையில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும்.

சரி, இந்தப் பெண் யார்?

கணவரைக் கேட்டால், "அவங்க வேலைக்கெல்லாம் போறதில்லைங்க, வீட்டுலதான் இருக்காங்க" என்பார். கம்பெனியின் கணக்கில் ஏஜென்ட் பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது. மத்திய அரசின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரக்காரர்கள், வீட்டுக்கு வேலை வாங்கி வந்து செய்பவர்களைச் சுயதொழில் செய்பவர்கள் பட்டியலில் சேர்க்கிறார்கள். சுயதொழிலாம்! தோல் கம்பெனியுடையது, டிசைன் வெளிநாட்டுக்காரருடையது, ரேட்டை முடிவு செய்வதும் வேறு யாரோ. இதில் சுயம் எங்கே இருக்கிறது? 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தொழிலாளி என்று இவருக்கு ஓர் இடம் கொடுத்தது.

ஒரே பெண்தான், ஒரே ஊசிதான். எந்தப் பட்டியலில் பெயர் விழுகிறது என்பதைப் பொறுத்து இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா இல்லையா என்பதே மாறிவிடுகிறது.

இது ஏதோ தத்துவ விசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பகுதியில், குடியாத்தத்தில், பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். அவர்களும் வீட்டில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இலையும் தூளும் வெளியிலிருந்துதான் வருகின்றன. கூலியும் எண்ணிக்கைக்குத்தான். ஆனால் 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளை வாங்கிப்போய் வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று தெளிவாக எழுதிவைத்தது. அவர்களுக்கு பி.எஃப். உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அடையாள அட்டை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீடு கட்ட உதவி எல்லாம் அந்த வழியில் வந்தவை. பீடிக்காரரின் நிலைமை சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. அவர் எங்கேயாவது போய் 'எனக்குச் சேர வேண்டியது' என்று கேட்க முடிந்தது. அப்பர் தைப்பவர் எங்கே போய்க் கேட்பார்? (அந்த 1966 சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. அது தனியாக எழுத வேண்டிய கதை.)

இதில் இன்னொரு வேடிக்கை. பெண்ணை வகைப்படுத்தச் சிரமப்படாத நாம், தோலை வகைப்படுத்த என்ன பாடுபட்டிருக்கிறோம் தெரியுமா? பச்சைத் தோல், வெட் ப்ளூ, க்ரஸ்ட், முழுதாகப் பதனிட்ட தோல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர், ஒரு விதி. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை வைத்து, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்பதுதான் எண்ணம். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி வட்டாரம் ஷூ ஏற்றுமதியில் பெயர் வாங்கியதற்கு அந்த விதியும் ஒரு காரணம். க்ரஸ்ட் தோலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி இருந்தது, 2025 பட்ஜெட்டில்தான் நீக்கினார்கள். ஒரு தோல் முழுதாகப் பதனிட்டதா இல்லையா என்று அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே கப்பல் ஏற்றும் ஏற்பாடும் 2025 மே வரை இருந்தது.

ஆட்டுத்தோல் எந்த வகை என்று பார்க்க ஒரு லேப் இருந்தது. அதைத் தைக்கும் கை எந்த வகை என்று பார்க்க யாருமில்லை!

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கின்றன. 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு விபத்து வழக்கு வந்தது. இறந்தவர் ஓர் இல்லத்தரசி. அவருடைய உயிருக்கு எவ்வளவு இழப்பீடு என்பதுதான் வழக்கு. அமர்வில் இருந்து தனியாகவும் ஒரு தீர்ப்பு எழுதிய நீதிபதி ஏ.கே. கங்குலி, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் சுமார் 36 கோடிப் பெண்களை வேலை செய்யாதவர்கள் என்று ஒதுக்கி, பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்திருப்பதைக் கடுமையாகச் சாடினார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சமைத்துப் பெருக்கும் உழைப்புக்கே நீதிமன்றம் இவ்வளவு பேசும்போது, ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிறவரை நாமே 'வேலை இல்லை' என்று சொல்லலாமா?

ஆம், நாமேதான். கணக்கெடுப்பின் விதியில் பிழை இருக்கலாம், ஆனால் இந்த விஷயத்தில் விதி அவ்வளவு மோசமில்லை. வருமானம் தரும் வேலையை வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மைத் தொழிலாளி, அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளி என்பதுதான் 2011 வரை இருந்த கணக்கு. வீட்டிலேயே செய்தாலும் சேரும். பெண்களின் வேலையைத் துருவித் துருவிக் கேட்கும்படி கணக்கெடுப்பாளர்களுக்குக் கையேட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கணக்கெடுக்க வந்து வாசலில் நிற்கும் டீச்சருக்கு அடுத்து நூறு வீடு பாக்கி. "வேலைக்குப் போறாங்களா?" என்பார். "இல்லைங்க" என்போம். முடிந்தது.

2027 பிப்ரவரியில் மறுபடி கணக்கெடுக்க வரப்போகிறார்கள். இந்த முறை விரும்பினால் நாமே ஆன்லைனில் நிரப்பிக்கொள்ளலாம். அப்போது தைக்கிறவரை, டெய்லரிங் செய்பவரை, மாவு அரைத்து விற்பவரை, கணவரின் கடையில் பாதி நாள் கல்லாவில் உட்காருபவரை என்ன வேலை செய்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். அவரே பதில் சொன்னால் இன்னும் நல்லது.

உங்களில் பலர் மனதில் ஓடுவது தெரிகிறது. 'வேலை செய்றதா எழுதிட்டா மாசம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை நின்னுடாதா?' நியாயமான பயம். ஆனால் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வது ரகசியம், வேறு அலுவலகம் அதை எடுத்துப் பார்க்க முடியாது. மேலும், உரிமைத்தொகைக்குப் பார்ப்பது குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, நிலம் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்பது போன்றவற்றைத்தான். தைத்துக் கூலி வாங்கினார் என்பதற்காக மட்டுமே ஒருவரைத் தகுதி நீக்கம் செய்ய அதில் இடமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு, பிரசவத்துக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், மூக்குக்கண்ணாடிக்குக்கூடப் பணம் உண்டு. பதிவுக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஏஜென்ட் எத்தனை ஜோடி கொடுத்தார், எவ்வளவு பணம் தந்தார் என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்வது எங்கே போனாலும் கைகொடுக்கும்.

அப்பர் தைக்கும் வாசகிகளே, ஜோடிக்கு இப்போது என்ன ரேட் கிடைக்கிறது, கடைசியாக எப்போது உயர்ந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். உங்கள் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்