சனிக்கிழமை ரயிலில் ஏறும் சாதி

லண்டனில் படித்தபோது ஒரே வீட்டில் நான்கு தமிழர்கள் இருந்தோம். சனிக்கிழமை ஆனால் பிரைட்டன், ஆக்ஸ்ஃபோர்டு என்று கிளம்பிவிடுவோம். புளிசாதம் கட்டிக்கொண்டு காலையில் போய் இரவு திரும்புவோம். ஒருநாள் ரயிலில் கேட்டார்கள்: "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" காலனி என்றேன். அடுத்த வாரம் எனக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கவில்லையாம்.

அன்று தனியாகச் சாக் ஃபார்ம் நிலையத்தில் இறங்கி நடந்தேன். கிங் ஹென்றிஸ் சாலை, 10ஆம் எண். 1921-22இல் அண்ணல் அம்பேத்கர் தங்கிப் படித்த வீடு. 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கியது, இன்று நினைவில்லம். ஹைகேட்டில் மார்க்ஸ் கல்லறை முன் படம் எடுத்துக்கொண்ட என் 'முற்போக்கு' நண்பர்கள் இந்தப் படியை மிதித்ததே இல்லை.

"வெளிநாட்டில் ஏது சாதி?" என்பவர்களே, சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்கும்படி 2013இல் பிரிட்டன் நாடாளுமன்றம் அரசைப் பணித்தது. இந்து அமைப்புகள் பல எதிர்த்தன. 2018இல் அரசு கைகழுவியது. இல்லாத சாதியைத் தடுக்கும் சட்டத்துக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

லண்டனுக்குப் படிக்கப் போகும் தம்பி, தங்கைகளே! அவர்கள் எடுக்கும் டிக்கெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் சனிக்கிழமையே அந்த வீட்டுக்குப் போங்கள். யாராவது எந்தப் பக்கம் என்று கேட்டால், அம்பேத்கர் பக்கம் என்று சொல்லுங்கள்.

ஜெய் பீம்!