பெரியம்மா கார் எடுக்கலாமோ?



போன கிழமை பாரிசிலிருந்து பெரியம்மா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தா. "பிள்ளை, ஓகஸ்டில கலியாணத்துக்கு வாறம். நானும் பெரியப்பாவும், அண்ணாவும் அண்ணியும், ரெண்டு பொடியளும். ஒன்பது நாள். எயார்போட்டிலேயே வான் ஒண்டு வாடகைக்கு எடுக்கட்டோ, இல்லாட்டி பஸ்ஸில சமாளிக்கலாமோ? நீ உதுகளைத்தானே படிக்கிறாய், சொல்லு."

நான் படிப்பது நகரத் திட்டமிடல். எங்கள் வீட்டில் அதற்கு "உதுகள்" என்றுதான் பெயர்.

இரண்டு வருடத்துக்கு முன் என்றால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன்: வேண்டாம் பெரியம்மா, பஸ் இருக்கு. காலநிலை, எண்ணெய்க் கம்பனிகள், காருக்காகவே கட்டப்பட்ட புறநகர் என்று ஒரு பக்கம் எழுதி இந்த மடலுக்கும் அனுப்பியிருப்பேன். லண்டன் மாமா போன கோடையில் இதையே கேட்டபோது அந்தப் பதிலைத்தான் கொடுத்தேன். அதனால் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மாமா குடும்பம் கார் எடுக்கவில்லை. முதல் நாள் பஸ்ஸில்தான் போனார்கள். பஸ் வந்தது, ஏறினார்கள், இறங்கினார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் கனடாவுக்கு வருகிற சொந்தக்காரர் ஒரு நாளில் ஓர் இடத்துக்கா போகிறார்கள்? மத்தியானச் சாப்பாடு மால்வேர்னில், பின்னேரம் குழந்தை பார்க்க மார்க்கத்தில், இரவு ஏஜாக்ஸில். எங்கேயாவது ஒரு வீட்டுக்குப் போகாவிட்டால் அது பத்து வருடக் கோபம். இரண்டாம் நாளே ஆரம்பித்தது: "தம்பி, ஒருக்கா இறக்கிவிடுறியோ?"

என் தம்பி ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து, நாலு மணித்தியாலம் படுத்து எழும்பி, எங்கள் பழைய கொரோலாவில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவான். ஏழாம் நாள் கெனடி வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது அப்படியே நித்திரையாகிவிட்டான். பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்துத்தான் எழும்பினான். கால் பிரேக்கில் இருந்தபடியால் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதிரி மௌனத்தை எங்கள் குடும்பங்களில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா கார் எடுக்காததால் வீதியில் ஒரு கார் குறையவில்லை. ஓடவேண்டிய தூரம் எல்லாம் ஓடித்தான் இருந்தது. ஓட்டியவனுக்குச் சம்பளம் இல்லை, நித்திரையும் இல்லை. வீட்டுவேலை, பராமரிப்பு, ஊதியமில்லாத உழைப்பு என்று நம் கூட்டங்களில் எத்தனை தரம் பேசியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் என் தம்பியைச் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. என் சரியான அரசியலுக்கான செலவை அவன் கட்டினான்.

பெரியம்மா கார் ஆசை பிடித்த ஆள் இல்லை. லா கூர்னெவில் இருக்கிறா. அந்தக் குடும்பத்துக்கு அங்கே கார் இருந்ததே இல்லை. ஆர்.இ.ஆர். பி ரயில் ஏறி கார் து நோர்ட்டில் இறங்கினால் லா சப்பல் கடைகள் நடை தூரம். வேலைக்கும் அதே ரயில்தான். அதே மனுசி ரொறன்ரோவுக்கு வர வெளிக்கிட்டதும் முதலில் கேட்கிற கேள்வி வான் எடுக்கட்டோ என்பது. ஆள் மாறவில்லை, ஊர்தான் மாறுகிறது. "எங்கட சனத்துக்குக் கார் பைத்தியம்" என்று சொல்லும் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது வெக்ஸ்போர்ட்டில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய சின்னச் சின்னத் தனிவீடுகள், ஒவ்வொன்றுக்கும் கார் நிறுத்த ஒரு பாதை. லோரன்ஸ் கிழக்கில் அரபுக் கடை, பிலிப்பைன்ஸ் கடை, எங்கட கடை எல்லாம் வரிசையாக இருக்கு, ஆனால் ஒவ்வொரு கடைத் தொகுதிக்கும் முன்னால் கார்த் தரிப்பிடம். பஸ்ஸால் இறங்கும் ஆள் அந்தத் தார்வெளியைக் கடந்துதான் மரக்கறி வாங்கவேண்டும். வீதி ஒரு பக்கத்துக்கு மூன்று தடம். கைத்தடி பிடித்தவருக்கு விளக்கு மாறுவதற்குள் கடப்பது ஒரு போட்டி.

இது தானாக நடந்ததில்லை. 2007 மார்ச்சில் மேயர் டேவிட் மில்லர் ஏழு இலகு ரயில் பாதைகள், ஏறத்தாழ 120 கிலோமீற்றர் என்று ஒரு திட்டம் அறிவித்தார். 2010 டிசம்பர் 1, ரொப் ஃபோர்ட் மேயராகப் பதவியேற்ற முதல் நாளே அந்தத் திட்டம் செத்துவிட்டது என்று அறிவித்தார். காருக்கு எதிரான யுத்தம் முடிந்தது என்பது அவருடைய வாதம். அதில் மிஞ்சிய எக்ளிங்டன் பாதைக்கு 2011 இல் வேலை தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. 2020 இல் திறக்கும் என்றார்கள். நான் முதல் பட்டம் வாங்கியபோதும் அது திறக்கவில்லை. 1985 இலிருந்து ஓடிய ஸ்காபரோ ஆர்.டி. 2023 யூலை 24 மாலை தடம் புரண்டது. எப்படியும் அந்த நவம்பரில் மூடுவதாக இருந்த பாதை, பிறகு ஓடவே இல்லை. அதற்குப் பதில் பஸ். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பெரியம்மாவின் குரல் பதிவைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அவ கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்று விளங்கும்.

வாடகைக் காரிலும் ஒரு பொறி இருக்கு. மார்க்கத்துக்கு மேலால் போகிற 407 நெடுஞ்சாலையை மக்கள் பணத்தில் கட்டினார்கள். 1999 இல் மைக் ஹரிஸின் பழமைவாத அரசு அதைத் தனியாருக்கு 99 வருடக் குத்தகைக்கு, 3.1 பில்லியன் டொலருக்குக் கொடுத்தது. சுங்கச்சாவடி என்று ஒன்றும் இல்லை. கமரா இலக்கத்தகட்டைப் படமெடுக்கும், பில் பிறகு வரும். வாடகைக் கார் என்றால் சுங்கத்துக்கு மேலே வாடகைக் கம்பனி தன் கட்டணத்தையும் போடலாம். 2025 யூன் 1 முதல் பிக்கரிங்குக்குக் கிழக்கே மாகாணத்துக்குச் சொந்தமான துண்டில் சுங்கம் இல்லை. தனியார் துண்டில் இன்னும் உண்டு. வழிகாட்டியில் "சுங்கச் சாலை வேண்டாம்" என்று முதலே போட்டுவிடச் சொல்லி அண்ணாவுக்கு எழுதியிருக்கிறேன்.

பெரியம்மாவை பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்று வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அக்கா இவ்வளவு தூரம் வாறா, பஸ்ஸில ஏத்துறதோ? நாலு சனம் என்ன சொல்லும்?"

அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பின்னேர வேலை பிந்தி முடியும் நாட்களில் லோரன்ஸில் 354 இரவு பஸ்ஸில் வருவா. அந்த நேரம் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? சீருடைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட பெண்கள், பாதிப்பேர் கண்ணை மூடியபடி.

"அப்ப நீங்கள் மட்டும் பஸ்ஸில வரலாமோ?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தா. "நான் என்ன விருந்தாளியே?"

அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பஸ் என்பது வீட்டாளுக்கு, கார் என்பது மரியாதைக்கு. இந்தக் கணக்கை எங்கள் ஆட்களே வைத்திருந்தால், நகரசபைக்காரர் அந்த பஸ்ஸுக்குக் காசு ஒதுக்க ஏன் கவலைப்படப் போகிறார்கள்? எக்ளிங்டன் கிழக்கில் 2020 ஒக்ரோபரில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்கினார்கள். சுரங்கம் தோண்டவில்லை, சிவப்புப் பெயின்ற்றும் அறிவிப்புப் பலகையும்தான். லோரன்ஸிலும் மூன்று தடத்தில் ஒன்றைக் கேட்பது பேராசை இல்லை. கேட்க வேண்டியவர்கள் அந்த நேரம் வேலையில் நிற்கிறார்கள் அல்லது தூங்குகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் கலியாண மண்டபத்துக்கும் ஆயிரம் பேர் சேரும் சமூகம், ஒரு பஸ் தடத்துக்குக் கையெழுத்து வாங்க இருபது பேரைக்கூடச் சேர்க்கவில்லை என்றால் அதில் நம் கூட்டுக்கும் பங்கு இருக்கு. நானும் அந்தக் கையெழுத்துக்காக ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.

கடைசியில் பெரியம்மாவுக்கு எழுதின பதில் இதுதான்.

"பெரியம்மா, வந்திறங்கும் நாள் ஆறு பெட்டியோட பஸ் வேண்டாம், டக்சி வான் எடுங்கோ. ஒன்பது நாளுக்கும் கார் வேண்டாம். கலியாணச் சனி, ஞாயிறுக்கு மட்டும் எடுங்கோ. அண்ணாதான் ஓட்டவேணும். பாரிஸ் மாதிரி வலப்பக்கம்தான், ஆனா டவுன்டவுன் பக்கம் போனால் ஸ்ட்ரீட்கார் கதவு திறந்து நிக்கேக்க பின்னாலயே நிக்கச் சொல்லுங்கோ. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் அந்த ரெண்டு நாளுக்குள்ளேயே போவம். போகமுடியாத ஆட்களை எங்கட வீட்டுக்கு வரச் சொல்லுவம், அவையிட்ட கார் இருக்கு. மற்ற நாளில 68 ஆம் நம்பர் பஸ்ஸில வோர்டன் ஸ்டேசன், அங்கயிருந்து சப்வே. பாங்க் கார்ட்டையே தட்டலாம், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரே காசு, பன்னிரண்டு வயதுவரை பொடியளுக்குக் காசில்லை. மார்க்கம் போனாலும் 2024 பெப்ரவரியிலிருந்து ஸ்டீல்ஸைத் தாண்ட இரண்டாம் தரம் கட்டத் தேவையில்லை. தம்பியை ஓட்டச் சொல்லிக் கேக்காதேங்கோ. அவன் மாட்டன் எண்டு சொல்லமாட்டான், அதாலதான் நான் சொல்லுறன்."

அனுப்பி அரை மணித்தியாலம் இரண்டு நீலக் கோடுதான் தெரிந்தது. கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருந்தது.

பிறகு வந்தது: "சரி பிள்ளை. உன்ர அம்மா இரவில வாற பஸ் எத்தினை மணிக்கு? ஒரு நாளைக்கு நானும் அவளோட வரவேணும்."